சொல்லப்படாத துயரமும் சுமக்கப்படும் துயரமும்

லத்தீன் அமெரிக்காவிலிருந்து குடியேறிய குடும்பங்களில் தலைமுறை கடக்கும் மனக்காயமும் அது ஆறும் வழிகளும்

மருத்துவமனைக்கு முதன்முறையாக வருபவரிடம், குடும்பத்தில் யாருக்கேனும் சர்க்கரை நோய் உண்டா, இதய நோய் உண்டா என்று கேட்பது எங்கள் வழக்கம். தந்தைக்கு இருந்த நோய் மகனுக்கும் வரக்கூடும் என்பதை இன்று யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தாய் எதற்கேனும் அஞ்சி வாழ்ந்தாரா, பாட்டி எந்தச் சூழலில் ஊரை விட்டு வந்தார் என்று கேட்டால் பலரும் வியப்புடன் எங்களை நோக்குகின்றனர். தமது தூக்கமின்மைக்கும் பாட்டியின் கதைக்கும் என்ன தொடர்பு என்பது அவர்களது ஐயம்.

தொடர்பு உண்டு. ஒரு தலைமுறை பட்ட பெருந்துன்பத்தின் விளைவுகள், அத்துன்பத்தை நேரில் காணாத அடுத்த தலைமுறையின் உடலிலும் மனத்திலும் தோன்றுவதைத் தலைமுறை கடக்கும் மனக்காயம் என்கிறோம். 1966ஆம் ஆண்டில் கனடாவின் மான்ட்ரியால் நகரில் விவியன் ரேக்காஃப் என்னும் மனநல மருத்துவர், நாஜிகளின் வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பியோரின் பிள்ளைகளிடம் இதனைக் கவனித்து எழுதினார். அதன்பின் பல சமூகங்களில் இது ஆராயப்பட்டுள்ளது. இலங்கைப் போரால் சிதைந்த தமிழ்க் குடும்பங்களிடையே யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் ஆற்றிய பணியும் இத்துறையில் முக்கியமானது.

இவ்விதழின் பாடமாக நாம் எடுத்துக்கொள்வது, லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியேறிய குடும்பங்களை. சிறப்பாக, அக்குடும்பங்களின் தாய்மாரையும் மகள்களையும். மனக்காயம் கடந்து செல்லும் வழிகளும் அது ஆறும் வழிகளும் அக்குடும்பங்களிடம் விரிவாக ஆராயப்பட்டுள்ளன என்பது ஒரு காரணம். குடும்பமே முதன்மை என்னும் பற்று, தாய் எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு, வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்னும் கட்டுப்பாடு ஆகியவை நம் வாசகர்களுக்கும் பழகியவை என்பது மற்றொரு காரணம்.

இக்குடும்பங்கள் எங்கிருந்து வந்தன?

2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வழியினர் 6 கோடியே 21 லட்சம் பேர். இவர்களில் ஆண்களை லத்தினோ என்றும் பெண்களை லத்தினா என்றும் அழைப்பர். இவர்கள் அனைவரும் குடியேறியவர்கள் அல்லர். இன்றைய எல்லைக்கோடு வரையப்படுவதற்கு முன்பே அங்கு வாழ்ந்த மெக்சிக வழியினர் உண்டு. பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமக்களான புவேர்த்தோ ரீக்கோ மக்கள் உண்டு. குடியேறியவர்கள் அனைவரும் பெருந்துன்பத்தைக் கண்டவர்களும் அல்லர். ஆகவே இப்பாடத்தில் கூறப்படுவதை அச்சமூகம் முழுமைக்கும் பொருத்திப் பார்த்தல் தவறு.

எனினும் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த பல குடும்பங்களின் பின்னே போர் நிற்கிறது. குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. ஐக்கிய நாடுகள் அவையின் துணையுடன் அமைந்த உண்மை அறியும் ஆணையம் 1999இல் அளித்த அறிக்கை, 2 லட்சத்திற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமல் போயினர் என்று மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் மாயா பழங்குடியினர். எல் சால்வதோரில் 1980 முதல் 1992 வரை நடந்த போரில் ஏறத்தாழ 75,000 பேர் மாண்டனர்.

உயிர்தப்பி வடக்கே சென்றோரை வரவேற்பு காத்திருக்கவில்லை. 1984இல் இவ்விரு நாட்டவரும் அமெரிக்காவில் அளித்த புகலிடக் கோரிக்கைகளில் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவானவையே ஏற்கப்பட்டன. எஞ்சியோரில் பலர் ஆவணமின்றி, எந்நாளும் பிடிபடக்கூடும் என்னும் அச்சத்துடன் வாழ்ந்தனர். ஊரில் இராணுவத்தைக் கண்டு ஒளிந்தவர்கள், வந்த இடத்தில் குடிவரவு அதிகாரிகளைக் கண்டு ஒளிந்தனர்.

மூன்றாவதாக, பிரிவு. பல குடும்பங்கள் ஒரே நாளில் பயணப்பட்டவை அல்ல. முதலில் தந்தையோ தாயோ சென்று, வேலை தேடி, பணம் அனுப்பி, சில ஆண்டுகள் கழித்துப் பிள்ளைகளை அழைத்துக்கொள்வர். அதுவரை பிள்ளைகளுக்குப் பாட்டியே தாய். 2018ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில் எல்லையிலேயே ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து அரசால் பிரிக்கப்பட்ட செய்தி உலகெங்கும் பரவியது. அதற்கு முன்பும் பின்பும், செய்தியாகாத பிரிவுகள் வீடுதோறும் நிகழ்ந்துள்ளன.

ஒரு புதிர்

இத்தனை துன்பங்களைக் கடந்து வந்தவர்களிடமே மனநோய்கள் மிகுதியாக இருக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பர். 1998இல் வெளியான ஓர் ஆய்வு அவ்வாறு காட்டவில்லை. கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ மாவட்டத்தில் வாழும் மெக்சிக வழியினரை ஆராய்ந்தபோது, மெக்சிகோவில் பிறந்து குடியேறியவர்களைவிட, அமெரிக்காவிலேயே பிறந்தவர்களிடம் மனநலக் கோளாறுகளும் போதைப் பழக்கக் கோளாறுகளும் சேர்ந்து ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டன.

இதற்குப் பல விளக்கங்கள் தரப்படுகின்றன. உடலாலும் மனத்தாலும் உறுதி வாய்ந்தோரே நெடும்பயணம் மேற்கொள்கின்றனர் என்பது ஒன்று. குடியேறியவர் தம் ஊரின் மொழியையும் உறவுகளையும் மனத்தில் ஏந்தி வருவதால் அவை அவருக்குக் காப்பாகின்றன. பிள்ளைகளுக்கோ அக்காப்பு மெலிந்துவிடுகிறது, பாகுபாட்டின் வலியோ நேரடியாக வந்து சேர்கிறது என்பது மற்றொன்று. இவற்றோடு நாம் கருத வேண்டியது இன்னொன்றும் உண்டு. தாய்க்குத் தன் அச்சத்தின் காரணம் தெரியும். மகளுக்கு அச்சம் மட்டுமே வந்து சேர்கிறது. காரணம் வந்து சேர்வதில்லை. காரணம் தெரியாத அச்சத்தைப் பிள்ளைகள் தம் குணமென்றே எண்ணிக்கொள்கின்றனர்.

காயம் எவ்வழியே கடக்கிறது?

முதல் வழி கருப்பை. 2008ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், ஐயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் என்னும் சிற்றூரின் இறைச்சித் தொழிற்சாலையில் குடிவரவு அதிகாரிகள் திடீர்ச் சோதனை நடத்தி 389 பேரைக் கைது செய்தனர். அதன்பின் அம்மாநிலம் முழுவதிலும் லத்தினா தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளின் எடையை ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். முந்தைய ஆண்டின் அதே காலத்தோடு ஒப்பிடுகையில், இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடையுடன் பிறக்கும் வாய்ப்பு 24 விழுக்காடு கூடியிருந்தது. வெள்ளையினத் தாய்மாரின் குழந்தைகளிடம் அத்தகைய உயர்வு இல்லை. அமெரிக்காவில் பிறந்து குடியுரிமை பெற்ற லத்தினா தாய்மாரின் குழந்தைகளிடமும் உயர்வு காணப்பட்டது என்பது கருதத்தக்கது. சோதனை நடந்த இடத்தில் இல்லாதவரையும், கைது செய்யப்பட இயலாதவரையும் அச்சம் எட்டியிருக்கிறது. தொடர்ந்த அச்சம் தாயின் உடலில் கார்ட்டிசால் போன்ற அழுத்தச் சுரப்புகளை உயர்த்துகிறது. அது தூக்கத்தையும் உணவையும் பாதிக்கிறது. கருவின் வளர்ச்சியையும் தொடுகிறது.

இரண்டாம் வழி முகம். 1970களில் எட்வர்ட் ட்ரானிக் என்னும் உளவியலாளர் ஓர் எளிய சோதனையைச் செய்து காட்டினார். குழந்தையுடன் சிரித்து விளையாடும் தாய், சிறிது நேரம் எவ்வுணர்ச்சியும் காட்டாத முகத்துடன் அமர்ந்திருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துத் தாயை அழைக்கிறது. பின் கைகளை நீட்டுகிறது. பின் கலங்கி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மனச்சோர்விலோ பழைய நினைவுகளிலோ ஆழ்ந்த தாயின் முகம் நாள்தோறும் பலமுறை இவ்வாறு உறைந்துபோகிறது. அன்பு குறைந்ததால் அது உறைவதில்லை. குழந்தைக்கோ அந்த வேறுபாடு தெரியாது.

மூன்றாம் வழி மௌனம். பிள்ளைகள் வருந்தக் கூடாது என்பதற்காகவே பெற்றோர் பழையவற்றைப் பேசாதிருக்கின்றனர். ஆயினும் வீட்டில் எதைப் பேசக் கூடாது என்பதைப் பிள்ளைகள் மிக விரைவில் கற்றுக்கொள்கின்றனர். கதவு தட்டப்பட்டால் அனைவரும் அமைதியாவதும், சீருடை அணிந்தவரைக் கண்டால் தாயின் பிடி இறுகுவதும் சொற்களின்றியே பாடமாகின்றன. சொல்லப்படாத இடத்தைப் பிள்ளையின் கற்பனை நிரப்புகிறது. அக்கற்பனை உண்மையைவிடக் கொடியதாகவும் இருக்கலாம்.

நான்காம் வழி, வீட்டில் மகளுக்கு வந்து சேரும் பொறுப்பு. குடும்பத்தின் நலனே தன் நலன் என்னும் பற்றை ஸ்பானிய மொழியில் ஃபமிலிஸ்மோ என்பர். கன்னி மரியாளைப் போல் பெண் தன்னை மறந்து துன்பத்தைத் தாங்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பை ஆய்வாளர்கள் மரியானிஸ்மோ என்று பெயரிட்டுள்ளனர். முன்னது பல குடும்பங்களைத் தாங்கிப் பிடித்த தூண். பின்னது, தாங்க முடியவில்லை என்று சொல்வதையே பெண்ணுக்குக் குற்றமாக்குகிறது. இவற்றோடு மொழியும் சேர்கிறது. பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாத வீட்டில் மகளே மொழிபெயர்ப்பாளர். வங்கிக் கடிதம், வீட்டு உரிமையாளரின் எச்சரிக்கை, மருத்துவர் கூறும் நோயின் பெயர் அனைத்தும் முதலில் அவள் காதில் விழுகின்றன. தாயின் நோயைத் தாய்க்கே அறிவிக்கும் சுமை பத்து வயதுச் சிறுமிக்கு உரியதன்று. இதனால்தான், அவசர நிலை தவிர, நோயாளருக்காகச் சிறுவர்களை மொழிபெயர்க்கச் செய்யக் கூடாது என்று 2016இல் அமெரிக்க நலவாழ்வு விதிகள் வரையறுத்தன.

மரபணுக்களைப் பற்றியும் பலர் எங்களிடம் கேட்கின்றனர். பெருந்துன்பம் மரபணுக்களின் செயற்பாட்டில் மாற்றங்களை உண்டாக்கலாம் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. அம்மாற்றங்கள் மனிதர்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றன என்பது இன்னும் நிறுவப்படவில்லை. ஆகவே 'எங்கள் இரத்தத்திலேயே இது ஊறிவிட்டது' என்று எவரும் மனம் தளர வேண்டியதில்லை. மேற்கூறிய நான்கு வழிகளும் மாற்றத்திற்கு இடம் தருபவை.

உடல் பேசும் மொழி

இக்குடும்பங்களின் பெண்கள் பலர் மனச்சோர்வு என்றோ பதற்றம் என்றோ சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் வருவதில்லை. நெர்வியோஸ் என்பர், நரம்புத் தளர்ச்சி என்று நம்மவர் கூறுவதற்கு அது மிக நெருக்கமானது. கைகால் நடுங்கி, மார்பில் வெப்பம் ஏறி, கதறியழுது மயங்குவதை நெர்வியோஸின் தாக்குதல் என்பர். பேரச்சத்தால் ஆன்மா உடலை விட்டு நீங்கியதால் உண்டாகும் நலிவைச் சுஸ்தோ என்பர். நம் ஊர்களில் குழந்தை பயந்துவிட்டது என்று கூறி மந்திரித்து விபூதி இடுவதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இம்மூன்றும் 2013இல் வெளியான அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பில், பண்பாடு சார்ந்த துயர வெளிப்பாடுகளின் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

இதனால் விளங்குவது யாது? தலைவலி, நெஞ்சு இறுக்கம், வயிற்றெரிச்சல் என்று வருபவரை, பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று திருப்பியனுப்புதல் போதாது. பரிசோதனைகள் அவசியம், உடல்நோயை முதலில் விலக்க வேண்டும். அதன்பின் அந்த வலி எப்போது தொடங்கியது, அப்போது வீட்டில் என்ன நிகழ்ந்தது என்று கேட்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வரும் குடும்பம் எவரையும் குறிப்பதன்று. பாடத்திற்காக நாம் அமைத்துக்கொண்டது. ஒரு பாட்டி எல் சால்வதோர்ப் போரின்போது தன் ஐந்து வயது மகளுடன் இரவில் புதர்களிடையே ஒளிந்திருந்தவர். குழந்தை அழுதால் அனைவரும் அகப்படுவர் என்பதால் அதன் வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். அக்குழந்தை வளர்ந்து தாயானது. தன் மூன்று வயது மகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு லாஸ் ஏஞ்சலிஸ் சென்று, வீடுகளைத் துப்புரவு செய்து பணம் அனுப்பியது. மகள் பத்து வயதில் வந்து சேர்ந்தாள். பாட்டியைப் பிரிந்த துயரத்தில் இருந்த அவளுக்குத் தாய் அந்நியராகத் தோன்றினார். ஏழாண்டுகள் உழைத்து அழைத்துக்கொண்ட மகள் தன்னைக் கட்டியணைக்காதது தாய்க்கு வலித்தது. இருவரும் அதைப் பேசவில்லை.

பதினாறு வயதில் மகளுக்கு மூச்சு முட்டியது, நெஞ்சு படபடத்தது. இதயத்தில் குறையில்லை. அவள் கூறிய குறை வேறு: "அம்மா என்னை எங்கும் விடுவதில்லை. நான் அழுதால் அவருக்குப் பிடிப்பதில்லை. உடனே வாயை மூடு என்கிறார்." அழுகையைக் கண்டு தாய் ஏன் அவ்வளவு கலங்குகிறார் என்பதை மகள் அறியாள். ஒரு காலத்தில் அழுகையை அடக்கியதால்தான் அவர் உயிர் பிழைத்தார் என்பதைத் தாயும் எண்ணிப் பார்த்ததில்லை.

இங்கு தாய் மகளுக்குக் கொடுத்தது ஒரு தற்காப்பு முறை. புதரினுள் அது சரியாக வேலை செய்தது. நகரத்து வீட்டின் சமையலறையில் அது மகளின் மூச்சை அடைக்கிறது. சிகிச்சையில் தாயைக் குற்றவாளியாக்க எவ்விடமும் இல்லை. அப்பழக்கம் எங்கே பிறந்தது என்பதை இருவரும் சேர்ந்து கண்டறிந்து, இன்று அது தேவைதானா என்று கேட்டுப் பார்ப்பதே சிகிச்சையின் மையம்.

ஆறும் வழிகள்

1975இல் செல்மா ஃப்ரைபர்க் என்னும் உளப்பகுப்பாய்வாளரும் அவருடைய துணைவர்களும், தாயின் நினைவில் புதைந்த பழந்துயரங்களைக் குழந்தையின் அறைக்குள் நுழையும் ஆவிகளுக்கு ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினர். அவர்கள் கண்டது இது: தன் இளமையில் பட்ட வலியை உணர்ந்து நினைவுகூர முடிந்த தாய், அதைத் தன் குழந்தைக்குத் திரும்பச் செய்வதில்லை. நிகழ்ச்சி நினைவிலிருந்தும் அதன் வலி மறைந்துபோன இடத்தில்தான் அது திரும்ப நிகழ்கிறது.

இவ்வழியில் தொடர்ந்தவர் பராகுவாயில் பிறந்த அலிசியா லீபர்மன். சான் ஃபிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில் இவரும் துணைவர்களும், பிறப்பு முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளையும் தாய்மாரையும் ஒன்றாக அமர்த்திச் செய்யும் சிகிச்சையை உருவாக்கினர். 1991இல் வெளியான அவர்களது தொடக்ககால ஆய்வு, மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் அண்மையில் வந்த, ஸ்பானிய மொழி பேசும் ஏழைத் தாய்மாரைப் பற்றியது. பற்றுறவில் பாதுகாப்பின்மை காணப்பட்ட குழந்தைகளின் வீடுகளுக்கே சென்று, தாயின் மொழியிலேயே பேசி ஓராண்டு துணைநின்றனர். ஆண்டின் முடிவில், சிகிச்சை பெற்ற தாய்மார் குழந்தையின் மனநிலையைப் புரிந்து நடப்பதில் முன்னேறியிருந்தனர். குழந்தைகளின் சினமும் தாயை விலக்கும் போக்கும் குறைந்திருந்தன. 2005இல் அதே மரபில் எழுதப்பட்ட மற்றொரு கட்டுரை, ஆவிகளோடு தேவதைகளும் அவ்வறையில் உண்டு என்று நினைவூட்டியது. துன்பம் மட்டும் தலைமுறை கடப்பதில்லை. தன்னை மடியில் வைத்து ஒருவர் தாலாட்டிய நினைவும் கடக்கிறது. அத்தகைய ஒரு நினைவையேனும் தாயிடமிருந்து வருவித்தல் சிகிச்சையின் இன்றியமையாப் பகுதி.

வளர்ந்தோருக்கு வேறு வழிகள் உள்ளன. சிலி நாட்டின் இராணுவ ஆட்சியின்போது அங்குள்ள உளவியலாளர்கள், துன்புற்றோர் தம் கதையைச் சாட்சியமாகக் கூறி எழுத்தில் பதிவு செய்யும் முறையை வகுத்து, 1983இல் வெளியிட்டனர். தெஸ்திமோனியோ எனப்படும் அம்முறையில், வெட்கத்திற்குரிய இரகசியமாக இருந்தது வரலாற்றின் சான்றாக மாறுகிறது. மயாமியில் ஹோசே சபோச்னிக்கும் துணைவர்களும், பெற்றோர் ஒரு பண்பாட்டிலும் பிள்ளைகள் மற்றொன்றிலும் நிற்பதால் விளையும் சச்சரவுகளுக்கு 1980களில் ஒரு குடும்பப் பயிற்சியை வகுத்தனர். பெற்றோர் பிள்ளைகளின் உலகையும் பிள்ளைகள் பெற்றோரின் உலகையும் கற்றுக்கொள்வதே அதன் சாரம். கருவுற்ற தாய்மாரின் மனச்சோர்வைத் தடுக்கும் 'தாய்மாரும் குழந்தைகளும்' என்னும் பயிற்சி, சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் உருவானது. 2019இல் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு, மனச்சோர்வு வரும் வாய்ப்புள்ள கர்ப்பிணிகளுக்கு இத்தகைய ஆலோசனையைப் பரிந்துரைத்தபோது இதனையும் எடுத்துக்காட்டியது. இவற்றையெல்லாம் வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பவர்கள் புரொமோத்தோரா எனப்படும் சமூக நலப்பணிப் பெண்கள். அதே தெருவில் வாழ்ந்து, அதே மொழியைப் பேசும் ஒருத்தியிடம் சொல்வது, வெள்ளை அங்கி அணிந்த எங்களிடம் சொல்வதைவிட எளிது.

சிகிச்சைக்கு ஓர் எல்லையும் உண்டு. எல் சால்வதோரில் பேராசிரியராகப் பணியாற்றிய இயேசு சபைத் துறவியும் உளவியலாளருமான இக்னாசியோ மார்த்தின்-பரோ, போரின் காயம் தனிமனிதரின் தலைக்குள் மட்டும் இருப்பதன்று. அது மனிதருக்கிடையிலான உறவுகளில் உள்ளது என்று வற்புறுத்தினார். 1989 நவம்பர் 16 அன்று இராணுவத்தினர் அவரையும் மற்றும் ஏழு பேரையும் பல்கலைக்கழக வளாகத்தில் கொன்றனர். அவருடைய கருத்து இன்றும் பொருந்துகிறது. ஆபத்து நீங்கிய பின்னும் நீங்காத அச்சத்தைக் குணப்படுத்தலாம். ஆபத்து இன்னும் வாசலில் நிற்கையில், அத்தாயின் எச்சரிக்கையை நோய் என்று பெயரிடுதல் முறையாகாது.

அவ்வாபத்தைக் குறைத்தால் என்ன நிகழும் என்பதற்கும் சான்று உண்டு. சிறு வயதில் ஆவணமின்றி அழைத்துவரப்பட்டோரை நாடு கடத்தாமல் காக்கும் திட்டம் ஒன்று 2012இல் அமெரிக்காவில் வந்தது. குறிப்பிட்ட நாளுக்குப் பின் பிறந்தவர்களே அதற்குத் தகுதியுடையோர். அந்நாளுக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் பிறந்த தாய்மாரின் பிள்ளைகளை ஓரிகன் மாநிலத்தில் ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2017இல் வெளியிட்டனர். தாய் பாதுகாப்புப் பெற்ற பின், பிள்ளைகளிடம் பதற்றம், சூழலோடு பொருந்த இயலாமை ஆகிய கோளாறுகள் 7.8 விழுக்காட்டிலிருந்து 3.3 விழுக்காடாகக் குறைந்திருந்தன. அப்பிள்ளைகளுக்கு எம்மருந்தும் தரப்படவில்லை. தாயின் அச்சம் தணிந்தது, அவ்வளவே.

நோயாளர்களும் குடும்பத்தினரும் செய்யத்தக்கவை

மேற்கண்ட பாடங்களிலிருந்து, எக்குடும்பத்திற்கும் பயன்படக்கூடிய சிலவற்றைத் தொகுத்துத் தருகிறோம்.

ஒன்று: வயதுக்கேற்பச் சொல்லுங்கள். சிறு குழந்தைக்குக் கொடுமையின் விவரங்கள் வேண்டா. "அம்மா சின்ன வயதில் மிகவும் பயந்த ஒரு காலம் உண்டு. அதனால்தான் சத்தம் கேட்டால் திடுக்கிடுகிறேன். நீ எந்தத் தவறும் செய்யவில்லை" என்பது போதும். வளர்ந்த பிள்ளை கேட்கும் அளவுக்கு விடை கூறுங்கள்.

இரண்டு: எவரையும் கட்டாயப்படுத்திச் சொல்ல வைக்காதீர்கள். வயது முதிர்ந்தவர் பேச விரும்பாவிடில் அதை மதியுங்கள். கேட்க நாங்கள் இருக்கிறோம் என்பதை மட்டும் தெரிவியுங்கள். ஆயத்தமில்லாத நேரத்தில் கிளறப்படும் நினைவு மீண்டும் காயப்படுத்தும்.

மூன்று: பிரிந்து சேர்ந்த குடும்பங்களில் நன்றியை உடனே எதிர்பார்க்காதீர்கள். பாட்டியிடமோ விடுதியிலோ வளர்ந்த பிள்ளை, முதலில் தான் இழந்த உறவுக்காகத் துயருறும். அத்துயரத்திற்கு இடம் கொடுத்தால் புதிய உறவு வளரும். வளர்த்த பாட்டியைக் குறைகூறினால் அது வளர்வது கடினம்.

நான்கு: மருத்துவமனையில் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகவோ தூதராகவோ ஆக்காதீர்கள். மொழி தெரியாவிட்டால் செவிலியரிடம் கூறுங்கள். வளர்ந்த ஒருவரை ஏற்பாடு செய்வது மருத்துவமனையின் கடமை.

ஐந்து: காக்கும் மரபுகளைக் கைவிடாதீர்கள். சேர்ந்து உண்ணல், தாய்மொழியில் கதை கூறல், வழிபாடு, விழாக்கள் ஆகியவை வெறும் பழக்கங்கள் அல்ல. ஃப்ரெஸ்னோவில் குடியேறிகளைக் காத்தவை இத்தகையனவே என்று கருதப்படுகிறது.

ஆறு: பராமரிப்பவரும் ஓய்வு கொள்ள வேண்டும். 'என்னால் இயலவில்லை' என்று கூறும் தாயைக் குடும்பம் குறைவாக மதிக்காதிருந்தாலே, மகள் கற்கும் பாடம் மாறிவிடும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் தூக்கமின்மை, கொடுங்கனவுகள், எதிலும் விருப்பமின்மை. சோதனைகளில் காரணம் புலப்படாத தொடர் வலி. சிறு ஒலிக்கும் திடுக்கிடல். குழந்தையிடம் கட்டுப்பாடின்றிச் சினங்கொள்ளல், அல்லது குழந்தையைக் கண்டும் உணர்ச்சியின்றியிருத்தல். மதுவையோ தூக்க மாத்திரைகளையோ நாடுதல். குழந்தை பேச்சைக் குறைத்தல், படுக்கையில் மீண்டும் சிறுநீர் கழித்தல், பள்ளிக்குச் செல்ல மறுத்தல் ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் காலம் தாழ்த்தாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் அன்றே உதவி நாடுங்கள். இந்தியாவில் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் கட்டணமின்றிப் பேசலாம்.

சிகிச்சை பழையதை அழித்துவிடாது. அதை வாக்களிப்பவரை நம்பவும் வேண்டா. எங்கள் எடுத்துக்காட்டிலுள்ள தாய்க்கு அந்த இரவு என்றும் நினைவிலிருக்கும். மகள் அழும்போது அவர் கை, அவளது வாயை நோக்கி எழாமல் தோளைத் தொடுமானால் அதுவே முன்னேற்றம். அம்மகள் நாளை ஒரு குழந்தைக்குத் தாயாகும்போது, அழும் குழந்தையை அழவிட்டு அருகிலிருக்க அவளுக்குத் தெரிந்திருக்கும்.